டெய்ராவில் ஒரு வரிசையும் நல்லூர்த் தேரடியும்

டுபாயின் டெய்ராப் பகுதியிலே, கடற்கழியை அண்டிய தெருவொன்றில் உள்ள பணமனுப்பும் நிலையத்தில், சில காலத்துக்கு முன் ஒரு மாலைப் பொழுது நாம் வரிசையில் நின்றோம். சம்பளம் கைக்கு வந்த நாட்கள் ஆகையால் வரிசை வாசலைக் கடந்து நடைபாதை வரை நீண்டிருந்தது. எமக்கு முன்னே நின்ற பெண்ணொருவர் கைத்தொலைபேசியில் உரத்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். உதட்டுச் சாயம், மினுங்கும் கைப்பை, மட்டக்களப்புப் பேச்சு. வீட்டுப் பணிப்பெண்ணாக வந்தவர் என்பது விளங்கிற்று. அதற்கு மேலும் பலவற்றை நாமாகவே விளங்கிக்கொண்டோம். ஊரிலே பிள்ளைகளை யாரிடமோ விட்டுவிட்டு இங்கு வந்து என்று தொடங்கும் அந்தத் தீர்ப்பை வாசகர்கள் நன்கறிவர். எழுதி முடிக்கத் தேவையில்லை.

அவர் திரும்பி, "சேர், இந்தப் போமை ஒருக்கா நிரப்பித் தருவீங்களா?" என்றார். மறுக்க வழியின்றிப் பேனாவை எடுத்தோம். வங்கிக் கணக்கிலக்கத்தை மனப்பாடமாகச் சொன்னார். பணம் அனுப்பும் நோக்கம் யாதெனப் படிவம் கேட்டது. "லோன் கட்ட, சேர். நுண்கடன்" என்றார். எழுதிக் கொடுத்ததை விரல் வைத்துச் சரிபார்த்துவிட்டு, "ஒரு நம்பர் விடுபட்டுப் போச்சு, சேர்" என்று மெல்லச் சொன்னார். பல்கலைக்கழகத்திலே பிறர் விடைத்தாள்களைத் திருத்திப் பழகிய கை எமது கை.

அன்றிரவு எமக்கு நல்லூர் நினைவு வந்தது. நல்லூர்க் கந்தன் கோவில் தேரடியில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே, கந்தலுடுத்துத் தனக்குத்தானே பேசியபடி ஒருவர் இருந்தார். போவோர் வருவோரை ஏசுவார். ஊர் அவரை விசரன் என்றது. கற்றவர்களும் கனவான்களும் கோவிலுக்குப் போகையில் அவரை விலகியே நடந்தனர். இரணைமடுக் குளத்து வேலைத்தலத்திலே களஞ்சியக் காப்பாளராகப் பணிபுரிந்த இளைஞர் ஒருவர் மாத்திரம் அந்த விசரனிடத்தே குருவைக் கண்டார். விசரன் எனப்பட்டவர் 1915இல் மறைந்த செல்லப்பா சுவாமிகள். அவ்விளைஞர் பின்னாளில் கொழும்புத்துறையில் அமர்ந்து, 1964இல் சமாதியடைந்த யோகர் சுவாமிகள். இன்று எம்மவர் இல்லங்களில், பாரிசிலும் ரொறன்ரோவிலுங்கூட, யோகர் சுவாமிகளின் படம் மாலையுடன் தொங்குகிறது. அன்று தேரடியிலே நாம் நடந்து போயிருந்தால் எந்தப் பக்கத்தால் போயிருப்போம் என்று எவரும் கேட்டுக்கொள்வதில்லை.

அந்தக் குருசீட மரபு எமக்களித்த மகாவாக்கியங்கள் நான்கு. அவற்றுள் ஒன்று 'நாம் அறியோம்' என்பது. சைவ சித்தாந்திகள் இதற்கு ஆழ்ந்த தத்துவ விளக்கம் தருவர். நாம் அதை மிகச் சிறிய காரியமொன்றுக்குப் பயன்படுத்தத் தொடங்கியுள்ளோம். இரவில் விளக்கை அணைக்குமுன், அன்றைய நாளில் எமது மனம் தண்டித்த ஒருவரை முன்னே நிறுத்தி, அந்தச் சொல்லைச் சொல்வது. பின்னர், உள்ளே இறைவன் உறையும் உடலாக அவரை ஒரு கணம் பார்ப்பது. அவ்வளவுதான். பார்க்க எளிது, செய்ய எளிதன்று.

வளைகுடாவிலே இதற்கு அயலாரிடமும் பாடம் உண்டு. இஸ்லாமியர் ஒவ்வொரு தொழுகையின் முடிவிலும் வலமும் இடமுமாக முகம் திருப்பிச் சலாம் சொல்கின்றனர். நாளொன்றுக்கு ஐந்து வேளை. வலப்பக்கத்தில் முதலாளி இருக்கலாம், இடப்பக்கத்தில் தெருக் கூட்டுபவர் இருக்கலாம். பக்கத்திலிருப்பவரைத் தெரிவு செய்யும் உரிமை தொழுபவருக்கு இல்லை. ஜெபல் அலியில் 2012இல் திறக்கப்பட்ட சீக்கியக் கோவிலின் உணவுக்கூடத்திலும் எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்தே உண்கின்றனர்.

ஆயினும் நம்மவர் நாக்குக்கு வருவோம். மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக், 2005இல் சவுதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றபோது அவருக்கு வயது 17. கடவுச்சீட்டிலோ 23 என்றிருந்தது. சென்ற சில வாரங்களிலேயே அவர் பராமரிப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. பாலூட்டுகையில் மூச்சடைத்தது என்றார் அவர். கொலை என்றது நீதிமன்றம். 2013 ஜனவரி 9ஆம் திகதி தவாத்மியில் அவரது தலை துண்டிக்கப்பட்டது. அந்நாட்களில் எம்மவரிடையேயும், "பொய்ப் பாஸ்போட்டிலே போனவள்தானே" என்றொரு பேச்சை நாம் காதாரக் கேட்டோம். சொன்னவர் தலைமாற்றிய கடவுச்சீட்டில் மூன்று விமான நிலையங்களைத் தாண்டி வந்தவர். தம் பொய்யைத் துணிச்சல் என்றும், ஏழைச் சிறுமியின் பெயரால் பிறர் எழுதிய பொய்யைக் குற்றம் என்றும் அவர் பிரித்து வைத்திருந்தார். அவரைப் பழிக்கவும் எமக்குத் தகுதியில்லை. டெய்ரா வரிசையை மேலே எழுதியிருக்கிறோம்.

அரசும் தன் பங்குக்குத் தீர்ப்புரைத்தது. அதே 2013ஆம் ஆண்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் பணிப்பெண்களாகச் செல்வதை இலங்கை அரசு தடுத்தது. தந்தையருக்கு அத்தகைய தடை எதுவும் இருக்கவில்லை. இவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டது. பிள்ளையை விட்டுச் சென்றவள் என்னும் ஏச்சு ஊரில் தளரவில்லை.

இது குற்றவாளியைத் தப்பவிடும் வழியாகாதோ என நண்பரொருவர் கேட்டார். ஆகாது என்பதே எமது கருத்து. சம்பளத்தை மறித்துவைக்கும் வீட்டுக்காரரைத் தொழில் நீதிமன்றத்துக்கு இழுக்கத்தான் வேண்டும். சிறுமியின் வயதை மாற்றும் முகவர் சிறைக்குப் போகத்தான் வேண்டும். வழக்கைத் தொடுக்கும் கைக்கும், வெறுப்பை வளர்க்கும் மனத்துக்கும் தொடர்பு இருந்தே தீர வேண்டுமென்பதில்லை.

எழுதுவது இலகுவாகத்தான் இருக்கிறது. எமது பயணத்துக்கென அம்மா தாலிக்கொடியை அடகு வைத்துக் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு, எம்மை நடுவழியில் கைவிட்ட முகவர் ஒருவர் உண்டு. நேற்றிரவு அவரே வந்து நின்றார். நெடுநேரம் விழித்திருந்தும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டோம். இன்றிரவும் அவரைத்தான் நிறுத்த வேண்டும்.