ஏரியில் ஆகாயத்தாமரை... 10 சென்ட்டிலேயே அகற்றினால் மீன் தப்பும்!

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டுவிட்டு, கோடையில் வலை போடக் காத்திருப்பார்கள் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்கள். தை மாதத்தில் வரத்துக்கால் ஓரம் ஒரு திட்டு ஆகாயத்தாமரை தென்படும். ‘நாலு செடிதானே, பிறகு பார்க்கலாம்’ என்று விட்டுவிடுவார்கள். பங்குனியில் பரிசல் போக வழியிருக்காது. வலை வீச இடமிருக்காது. குத்தகைப் பணமும் குஞ்சு வாங்கிய பணமும் தண்ணீரோடு போய்விடும்.

வெங்காயத்தாமரை என்றும் அழைக்கப்படும் இந்தச் செடியின் தாயகம் தென் அமெரிக்கா. பூவின் அழகுக்காக 19-ம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்கு வந்து, நாடு முழுவதும் பரவிவிட்டது. சாக்கடை நீரும், வயல்களில் இருந்து வழிந்துவரும் உரச்சத்தும் சேரும் ஏரிகளில் இது கட்டுக்கடங்காமல் பெருகும்.

இரண்டு மாதத்தில் 16 மடங்கு

சத்து மிகுந்த தண்ணீரில், வெயில் காலத்தில், ஏறக்குறைய இரண்டு வாரத்தில் இதன் பரப்பு இரட்டிப்பாகும். 10 சென்ட் இரண்டு வாரத்தில் 20 ஆகும்; பிறகு 40, 80 என்று ஏறி, இரண்டு மாதத்தில் 160 சென்ட், அதாவது ஒன்றரை ஏக்கரைத் தாண்டும். அடர்ந்து வளர்ந்த ஒரு ஏக்கர் செடி 100 டன் அளவுக்கு எடை இருக்கும். தொடக்கத்தில் நாலு பேர் சில நாளில் முடிக்கும் வேலைக்கு, பிறகு இயந்திரம் தேடவேண்டி வரும்.

மீன் ஏன் சாகிறது?

செடி மூடிய இடத்தில் வெயில் உள்ளே இறங்காது. அதனால் நுண்ணிய பாசிகள் குறைந்து, கட்லா போன்ற மீன்களுக்குத் தீனி கிடைக்காது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும். விடியற்காலையில் இது மிகவும் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால், அது ஆபத்தின் அறிகுறி. காற்றைச் சுவாசிக்கும் விரால் தாக்குப்பிடிக்கும். கெண்டை இனங்கள் தாங்காது.

இதைவிடப் பெரிய ஆபத்து, களைக்கொல்லி அடிப்பது. செத்த செடிகள் மூழ்கி ஒரே நேரத்தில் அழுகும்போது, மிச்சமிருக்கும் ஆக்சிஜனும் தீர்ந்துவிடும். செடி உறிஞ்சிய சத்தும் ஏரியிலேயே தங்கி, அடுத்த செடிக்கு உரமாகும். வெட்டி அப்படியே தண்ணீரில் விடுவதும் இதே கேட்டைத்தான் தரும். செடியைக் கரையேற்றுவதே சரியான வழி.

அகற்றும் முறை

வரத்துக்காலின் குறுக்கே, காலி பிளாஸ்டிக் கேன்களைக் கட்டிய கயிறு அல்லது மூங்கில் மிதவை போட்டால், மேலேயிருந்து வரும் செடிகள் அங்கேயே நின்றுவிடும். ஏரிக்குள் இருப்பவற்றைக் காற்று ஒரு பக்கக் கரைக்குத் தள்ளும். அந்த நேரம் பார்த்து, கயிற்றால் வளைத்து இழுத்தால் வேலை பாதியாகும். பூப்பதற்கு முன்பே எடுப்பது நல்லது. விதைகள் சேற்றில் பல ஆண்டுகள் முளைப்புத்திறனோடு கிடக்கும் என்பதால், ஏரி வற்றியதும் செடி ஒழிந்தது என்று நினைக்கக் கூடாது. அடுத்த மழைக்கு முளைக்கும் கன்றுகளை உடனே பிடுங்க வேண்டும்.

எடுத்த செடியைக் கரையின் உள்சரிவில் குவித்தால், மழையில் மீண்டும் ஏரிக்கே வரும். பாசன வாய்க்காலில் போட்டால், கீழ்மடை வயல்களுக்குப் பரவும். இதில் 90 சதவிகிதத்துக்கு மேல் தண்ணீர்தான். சில நாள்கள் வெயிலில் வாடவிட்டு, சாணத்துடன் மாற்றி மாற்றி அடுக்கினால் நல்ல மட்கு உரம் கிடைக்கும். ஆனால், ஆலைக் கழிவு கலக்கும் ஏரிச் செடியை உரமாக்கக் கூடாது. அதில் கன உலோகங்கள் இருக்கலாம்.

புல்கெண்டை, வண்டு உதவுமா?

புல்கெண்டை, நீருக்குள் வளரும் வேலம்பாசியை நன்றாகத் தின்னும். ஆகாயத்தாமரையை அதை நம்பிக் கட்டுப்படுத்த முடியாது. இந்தச் செடியைத் தின்னும் நியோகெட்டினா கூன்வண்டுகள் 1980-களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பெங்களூரு ஏரிகளில் நல்ல பலன் தந்தன. ஆனால், பலன் தெரியச் சில ஆண்டுகள் ஆகும். ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்கும் ஏரிக்கே இது ஏற்றது. கோடையில் வற்றும் ஏரியில் வண்டு நிலைக்காது.

பொதுவாக, 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. வேலையைத் தொடங்கும் முன் அங்கே எழுதிக் கொடுத்து அனுமதி பெறுவது, பின்னால் சிக்கல் வராமல் காக்கும்.

மழை நின்றதும் வாரம் ஒருமுறை வரத்துக்கால் ஓரம் நடந்து பாருங்கள். செடி தெரிந்தால், அன்றே ஆள் இறக்குங்கள்.