பேசாமல் பேசிய பிள்ளைகள்

அற்புத சக்தி பெற்ற சிறுவர் சிறுமியர் கதை என்றவுடன் நமக்கெல்லாம் என்ன நினைவிற்கு வருகிறது? வானத்தில் பறப்பது, மாயமாய் மறைவது, ஒரே குத்தில் சுவரை உடைப்பது! நம் தம்பிமார் படிக்கும் சித்திரக் கதைகளில் இவற்றுக்குக் குறைவே இல்லை. ஆனால் ஆங்கில எழுத்தாளர் ஜான் விண்டம் 1955ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி கிரிசாலிட்ஸ்' என்னும் விஞ்ஞானப் புதினத்தில் வரும் பிள்ளைகளுக்கு இவற்றில் ஒன்றுமே தெரியாது. அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு சக்திதான். வாய் திறவாமலே, மைல் கணக்கான தொலைவிலிருந்தும், ஒருவர் எண்ணுவதை மற்றவர் அறிந்துகொள்வார்கள். இந்த ஒன்றுக்காக ஊரே திரண்டு அவர்களை வேட்டையாடக் கிளம்புகிறது. தேடிச் செல்லும் கூட்டத்தில் பெற்ற தந்தையும் இருக்கிறார்!

நூலின் பெயருக்குக் கூட்டுப்புழுக்கள் என்று பொருள். புழு என்றும் சொல்ல முடியாத, வண்ணத்துப்பூச்சி என்றும் சொல்ல முடியாத அந்த இடைப்பட்ட நிலையை உயிரியல் பாடத்தில் படித்திருக்கிறோம். பதினைந்து வயதில் இருக்கும் எங்களுக்கு அந்தப் பெயர் உடனே பிடித்துப்போயிற்று என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

கதை நடக்கும் இடம் கனடா நாட்டின் கிழக்குக் கோடியிலுள்ள லாப்ரடார். இன்று கடுங்குளிர்ப் பிரதேசமாகிய அது, கதையில் வெப்பம் மிகுந்து நல்ல விளைநிலமாகிவிடுகிறது. நாம் வாழும் இந்த உலகம் ஏதோ ஒரு பேரழிவில் மாண்டு பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. என்ன நேர்ந்தது என்று ஊரில் எவருக்கும் தெரியாது. கடவுள் அனுப்பிய தண்டனை என்று மட்டும் நம்புகிறார்கள். ஆயினும் தெற்கே கப்பலோட்டிப் போன மாலுமிகள் கரிந்து கறுத்த கரைகளையும், கண்ணாடிபோல் உருகிக் கிடக்கும் தரையையும், இரவில் மங்கலாக ஒளிவிடும் பாழ்நிலத்தையும் கண்டு வந்து சொல்கிறார்கள். 'அணுகுண்டு' என்ற சொல்லை ஆசிரியர் எழுதாமலே நமக்கு விளங்கிவிடுகிறது.

அந்தப் பாழ்நிலத்தின் பாதிப்பால் பயிர், கால்நடை, மனிதர் எல்லாவற்றிலும் உருமாற்றங்கள் தோன்றியபடி இருக்கின்றன. வாக்னக் என்னும் கிராமத்துச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. மாறுபட்ட பயிரைக் கொளுத்து. மாறுபட்ட கன்றை வெட்டு. மாறுபட்ட குழந்தையைக் காட்டு எல்லைக்கு அப்பால் விரட்டு. குழந்தை பிறந்தால் அதிகாரி வந்து சோதித்துச் சான்றிதழ் எழுதித் தரும்வரை, அந்த வீட்டில் குழந்தை பிறந்ததாகவே யாரும் காட்டிக்கொள்ளக் கூடாது. தொட்டிலில் அழுகுரல் கேட்கும். ஆனால் அனைவரும் ஒன்றும் கேட்காதது போல் வேலையைப் பார்ப்பார்கள். படிக்கும்போது எங்களுக்கு உடல் சிலிர்த்தது. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. வழக்கமான குதிரையைப் போல் இருமடங்கு பெரிய குதிரைகளை வளர்க்க மட்டும் அரசாங்கம் அனுமதி கொடுத்திருக்கிறது. வேலைக்கு ஆகிறதல்லவா!

கதையைச் சொல்பவன் டேவிட். ஊரில் தூய்மைச் சட்டத்தை மிகக் கண்டிப்பாகக் காப்பவர் அவன் தந்தை ஜோசப் ஸ்ட்ராம். சிறுவனாயிருக்கும்போது அவனுக்கு சோஃபி என்றொரு தோழி கிடைக்கிறாள். ஒருநாள் அவள் கால் பாறை இடுக்கில் சிக்கிக்கொள்ள, காலணியைக் கழற்றினால்தான் விடுபடலாம் என்ற நிலை. கழற்றிய பாதத்தில் ஆறு விரல்கள்! நம் ஊர்ப் பாட்டிமார் ஆறாம் விரலைக் கண்டால் அதிர்ஷ்டம் என்று மகிழ்வார்கள். அங்கேயோ அது தேவ நிந்தனை. டேவிட் அந்த இரகசியத்தைக் காக்கிறான். பின்னொரு நாள் ஓடையோரக் கல்லில் பதிந்த ஈரக் காலடித் தடத்தை வேறொரு பையன் பார்த்துவிடுகிறான். அவ்வளவுதான், சோஃபியின் குடும்பம் அன்றிரவே ஊரைவிட்டு ஓட நேர்கிறது.

தன் குறையோ கண்ணுக்குத் தெரியாதது என்பது டேவிட்டிற்கு அப்போதுதான் உறைக்கிறது. அவனும் ரோசலிண்டும் மைக்கேலும் ரேச்சலும் இன்னும் சிலரும் மனத்திற்குள்ளேயே பேசிக்கொள்ளும் பிள்ளைகள். காலில் ஆறாம் விரலைக் காலணிக்குள் மறைக்கலாம். மனத்தை எதற்குள் மறைப்பது?

எங்கள் வகுப்பில் இந்நூலைப் படித்தவர்கள் எல்லாரும் ஒருமுகமாக மிகச் சிறந்தது என்று சொன்ன பகுதியில் அற்புத சக்தி எதுவும் இல்லை. டேவிட்டின் தங்கை பெட்ராவிற்குச் சான்றிதழ் கிடைத்த நாளில், சித்தி ஹாரியட் தன் கைக்குழந்தையுடன் வருகிறாள். அக்குழந்தையிடம் ஏதோ சிறு குறை. முன்பே பிள்ளைகளைப் பறிகொடுத்த அவள், உன் குழந்தையைச் சற்று நேரத்திற்குக் கொடு, அதைக் காட்டிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறேன் என்று அக்காளிடம் மன்றாடுகிறாள். அக்காள் மறுக்கிறாள். உள்ளே வந்த ஜோசப், பாவ மன்னிப்புக்காகச் செபிக்கும்படி கட்டளையிடுகிறார். அவளோ, உலகில் இரக்கம் உண்டாகும்படி செபிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் குழந்தையை எடுத்துக்கொண்டு போகிறாள். மறுநாள் அவள் ஆற்றில் பிணமாகக் கிடந்ததாகச் செய்தி வருகிறது. இரு பெண்களும் உடன்பிறந்தவர்கள் என்பதை நினைக்க நினைக்க ஆறவில்லை.

மனிதன் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டான் என்ற வேத வசனத்தைத்தான் வாக்னக் மக்கள் தங்கள் சட்டத்திற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். சாயல் என்பதை இரண்டு கை, இரண்டு கால், ஒவ்வொன்றிலும் ஐந்து விரல் என்று எண்ணிக்கொண்டார்கள்! அறிவும் சுதந்திர மனமும் அன்பு செய்யும் ஆற்றலுமே அச்சாயல் என்று மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் எங்களுக்குக் கற்பித்ததற்கும் இதற்கும் எத்தனை தூரம்! மாலுமியாயிருந்த ஆக்சல் மாமா ஓரிடத்தில் டேவிட்டிடம் நல்ல செய்தி ஒன்று சொல்கிறார். தென்திசையில் ஒவ்வோரிடத்து மக்களும் ஒவ்வொரு விதமாக இருக்கிறார்களாம். ஒவ்வொருவரும் தங்கள் உருவமே கடவுள் தந்த மெய்யுருவம், மற்றவர்கள்தாம் பிறழ்ந்தவர்கள் என்கிறார்களாம்.

விஞ்ஞானம் இதற்கு என்ன சொல்கிறது? கதிர்வீச்சு உயிரினங்களின் பரம்பரை அலகுகளை மாற்றும் என்பது உண்மை. ஹெர்மன் முல்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1927இல் பழ ஈக்களின்மேல் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி இதை நிரூபித்தார். அதற்காக 1946இல் நோபல் பரிசு பெற்றார். 1954இல் பசிபிக் கடலில் பிகினித் தீவில் நடந்த குண்டுச் சோதனையின் கதிர்த்தூசு, 'லக்கி டிராகன்' என்ற ஜப்பானியப் படகிலிருந்த 23 மீனவர்கள்மேல் விழுந்தது. அடுத்த ஆண்டில் இப்புதினம் வந்தது. அன்றைய வாசகர்கள் எத்தகைய அச்சத்தோடு படித்திருப்பார்கள்! ஆனால் கதிர்வீச்சினால் மனத்தோடு மனம் பேசும் சக்தி வரும் என்பது முழுக்க முழுக்கக் கற்பனையே. இத்தகைய மாற்றங்களில் பல தீங்கானவை. பல, இருக்கிற இடமே தெரியாதவை. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களின் பிள்ளைகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தும், பிறவிக் குறைகள் பெருகியதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. ஆறாம் விரலுக்கோ குண்டே தேவையில்லை. அது எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலும் தோன்றுவதுதான்.

ஆசிரியரைப் பற்றியும் இரண்டு வரி. 1903இல் பிறந்து 1969இல் காலமான இவருடைய முழுப்பெயர் ஜான் விண்டம் பார்க்ஸ் லூகாஸ் பெய்னன் ஹாரிஸ். இந்த நீண்ட பெயரிலிருந்தே இரண்டிரண்டாகப் பொறுக்கிப் புனைபெயர்கள் வைத்துக்கொண்டாராம்! இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் செய்தித் தொடர்புப் பிரிவில் பணியாற்றினார். இரகசியச் செய்தி அனுப்பும் பிள்ளைகளைப் படைத்தவருக்கு அது பொருத்தந்தானே!

இனி முடிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களிடையே பெரிய வாதம் நடந்தது அதன்மேல்தான். எல்லாரிலும் வலிமை மிக்கவள் சின்னஞ்சிறு பெட்ரா. அவள் மனக்குரல் பூமியின் மறுபுறத்திலுள்ள ஜீலாந்து வரை எட்டுகிறது. அங்கே எல்லாருமே மனத்தால் பேசுகிறவர்கள். அங்கிருந்து ஒரு பெண்மணி விண்ணூர்தியில் வந்து இறங்கி, டேவிட்டையும் ரோசலிண்டையும் பெட்ராவையும் காப்பாற்றுகிறாள். எப்படி? சிலந்தி நூல்போன்ற ஏதோ ஒன்றை மேலிருந்து பொழிகிறாள். அது சுருங்கி இறுக்க, துரத்தி வந்தவர்களும், ஒரு பாவமும் அறியாத காட்டு மக்களும் சேர்ந்து மடிகிறார்கள். உயர்ந்த இனத்திற்குத் தாழ்ந்த இனம் இடம் விட வேண்டியதே என்று அவள் அமைதியாக விளக்கமும் தருகிறாள்.

நம் பக்கத்தார் பிழைத்தார்களே, அது போதாதா என்றார்கள் சிலர். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் பேச்சில் சில சொற்களை மாற்றினால் அது ஜோசப் ஸ்ட்ராமின் பேச்சு! ஒருவர் மனத்தை ஒருவர் அப்படியே உணர வல்லவர்கள், கீழே துடித்துச் சாகிறவர்களை உணராதது எப்படி? ஆசிரியர் இதைத் தெரிந்தே நம் முன் வைத்தாரா, அல்லது அவரும் அவள் பக்கந்தானா என்று நாங்கள் மதிய உணவு மணி அடிக்கும்வரை பேசியும் முடியவில்லை.

ஆனால் மைக்கேலைப் பற்றி எங்களுக்குள் வேறுபாடே இல்லை. துரத்தும் கூட்டத்திலேயே சேர்ந்து நடித்து, நண்பர்களுக்கு மனத்தால் எச்சரிக்கை அனுப்பி வந்தவன் அவன். இறுதியில் அவனும் ஊர்தியில் ஏறலாம். ஜீலாந்து அவனுக்காகக் காத்திருக்கிறது. ரேச்சல் ஒருத்தி மட்டும் வாக்னக்கில் தனியே அகப்பட்டுக் கிடக்கிறாள். அவளை அழைத்துவர அங்கே போனால், திரும்பிச் செல்ல எரிபொருள் போதாது என்கிறாள் அந்தப் பெண்மணி. சரி, நீங்கள் புறப்படுங்கள் என்று சொல்லிவிட்டு, அவன் வந்த வழியே ரேச்சலிடம் திரும்பிப் போகிறான்.