விலா எலும்பைக் கடித்தது யார்?

வாருங்கள், வேலிக்குள் எட்டிப் பார்க்கலாம். மூக்கை மட்டும் கொஞ்சம் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்!

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், சான் மார்கோஸ். ஃப்ரீமன் ராஞ்ச் என்ற பெரிய மாட்டுப் பண்ணைக்குள்ளே 26 ஏக்கரைத் தனியாக வளைத்து வைத்திருக்கிறது டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம். புல், புதர், கொளுத்தும் வெயில். நடுநடுவே மனித உடல்கள். பதறாதீர்கள், எல்லாம் தானமாக வந்தவை. உயிரோடு இருக்கும்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்களும் இவர்களில் உண்டு. வெட்டவெளியில் விட்ட உடலை வெயிலும் மழையும் பூச்சியும் மிருகமும் என்ன செய்யும், எந்த எலும்பு எங்கே போய்ச் சேரும்? 2008 முதல் இங்கே இதுதான் பாடம்.

இடம் பிடித்த கதையே ஒரு கூத்து. முதலில் பார்த்த இடம் ஊர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில். வட்டமடிக்கும் பிணந்தின்னிக் கழுகுகள் விமானத்தில் மோதிவிட்டால் என்னாவது என்று எதிர்ப்பு கிளம்ப, அது தட்டிப்போனது. கழுகுகளைப் பற்றி எதிர்த்தவர்கள் போட்ட கணக்கு ஒன்றும் தப்பில்லை. சில உடல்களுக்கு மேல் கம்பிக்கூண்டு உண்டு. கூண்டில்லாத ஒன்றின் பக்கத்தில் தானியங்கிக் கேமராவை நட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். 37 நாள் ஒரு கழுகும் சீண்டவில்லை. அப்புறம் வந்து இறங்கின பாருங்கள், கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு முண்டியடிக்கிற மாதிரி! சில மணி நேரத்தில் மிச்சம் வெறும் எலும்புக்கூடு.

வந்தவை கறுப்புக் கழுகுகள். இவற்றுக்கு மோப்பம் சுமார்தான். மோப்பத்தில் கெட்டிக்காரரான இன்னொரு வகை, வான்கோழிக் கழுகார், எங்கே இறங்குகிறார் என்று மேலே இருந்தே நோட்டம் விட்டு, கூட்டமாகப் போய் இலையைப் பிடுங்கிக்கொள்ளும். சாப்பிட்டு முடித்த பிறகும் சும்மா இருப்பதில்லை. எலும்புகளை இழுத்து, புரட்டி, ஆளுக்கொரு திசையில் போட்டுவிடும். ஆராய்ச்சியாளர்கள் ஜிபிஎஸ் கருவியோடு பின்னாலேயே போய் ஒவ்வொன்றும் கிடந்த இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். 'வெறும் எலும்பா? அப்படியானால் செத்து மாதக்கணக்காகியிருக்கும்' என்று எழுதப்போகிற போலீஸ்காரரின் பேனா இங்கேதான் நின்றாக வேண்டும்.

தண்ணீரின் சேட்டை வேறு ரகம். 1969இல் மைக்கேல் வோர்ஹிஸ் என்பவர் செயற்கை வாய்க்காலில் ஆட்டு எலும்புகளையும் ஓநாய்க்கு உறவான கயோட்டியின் எலும்புகளையும் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். விலா எலும்பும் முள்ளெலும்பும் உடனே கிளம்பிவிட்டன. தொடை எலும்பு யோசித்து யோசித்து நகர்ந்தது. மண்டையும் தாடையும் கடைசி வரை அடம். மனித மண்டையோடோ உருண்டை; அது பந்து மாதிரி உருண்டு முன்னாலேயே ஓடிவிடக்கூடும். ஆட்டைப் பார்த்து மனிதனுக்குக் கணக்குப் போட முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பல் தடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. எலி, அணில் கடித்தால் பக்கம் பக்கமாகச் சீப்பு இழுத்த மாதிரி கோடுகள். நாய், கயோட்டி என்றால் மெத்தென்ற எலும்பு முனையை முதலில் மென்றுவிடும். குழி விழும், ஓட்டை விழும். ஆனால் சில எலும்புகளின் முனை இரண்டாகப் பிளந்து, முள்கரண்டி மாதிரி இருக்கும். அது யார் வேலை?

2015 ஜனவரி. கேமராவில் ஒரு படம். அப்பாவி முகத்தோடு ஒரு வெள்ளைவால் மான். வாயின் ஓரத்தில், பண்ணையார் சுருட்டைக் கவ்வியிருப்பது போல, மனித விலா எலும்பு!

இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிறீர்களா? குடிக்கும். குளிர்காலத்தில் தழையில் கிடைக்காத பாஸ்பரஸ், கால்சியம், உப்புச்சத்துக்காக மான், மாடு, ஒட்டகச்சிவிங்கி எல்லாமே காய்ந்த எலும்பை மெல்லும். சதை ஒட்டியிருந்தால் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது. வெயிலில் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். அந்த வகையில் ஐயா சைவம்தான். கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் வைத்து முன்னும் பின்னும் அரைப்பதில்தான் அந்த முள்கரண்டி வடிவம். மான் மனித எலும்பை மெல்வது படமாகச் சிக்கியது அதுதான் முதல் தடவை. யாரோ ஒருவருடைய விலா எலும்பு என்பது நினைவிருந்தும், அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

சில நாள் கழித்து கேமராவில் மறுபடியும் ஒரு மான். அதே மான்தானோ என்னவோ. வாயில் இன்னொரு விலா எலும்பு.