கொசுவை மாற்றிக்கொண்ட வைரஸ்

இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவில் 2005-இல் சிக்குன்குனியா நுழைந்தது. அடுத்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் சுமார் 2,66,000 பேர், அதாவது தீவு மக்களில் மூன்றில் ஒரு பங்கினர், காய்ச்சலாலும் கடும் மூட்டு வலியாலும் படுத்துவிட்டார்கள்.

ஆய்வாளர்களைக் குழப்பியது கொசுதான். சிக்குன்குனியாவை முக்கியமாகப் பரப்புவது ஏடிஸ் எஜிப்தி கொசு என்றே அதுவரை கருதப்பட்டது. ரியூனியனிலோ அந்தக் கொசு அபூர்வம். அங்கே மலிந்து கிடந்தது அதன் நெருங்கிய இனமான ஏடிஸ் அல்போபிக்டஸ். கறுத்த உடலில் வெள்ளை வரிகள் ஓடும் இதைப் புலிக் கொசு என்பார்கள்.

விடை வைரஸின் மரபணுவில் கிடைத்தது. நோயாளிகளிடமிருந்து வெவ்வேறு மாதங்களில் எடுத்த வைரஸ்களைப் பாரிஸின் பாஸ்டர் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் ஒப்பிட்டார்கள். தொடக்கத்தில் பரவிய வைரஸில் இல்லாத ஒரு மாற்றம் பிறகு பரவியதில் இருந்தது. அதன் மேலுறைப் புரதமொன்றின் 226-ஆவது இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் போய், வேலின் வந்திருந்தது.  இந்த மாற்றத்தின் விளைவை 2007-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் ஆய்வாளர்கள் கொசுக்களுக்கு வைரஸ் கலந்த இரத்தம் கொடுத்துச் சோதித்தார்கள். மாறிய வைரஸ் புலிக் கொசுவின் குடலை மிக எளிதாகத் தொற்றியது. அங்கிருந்து உடலெங்கும் விரைவாகவும் பரவியது. உமிழ்நீர்ச் சுரப்பியை வைரஸ் எட்டினால்தான் கொசுக்கடி நோயைக் கடத்தும் என்பதால் இந்த வேகம் முக்கியமானது.

சிக்குன்குனியா போன்ற வைரஸ்கள் பெருகும்போது படியெடுப்பதில் அடிக்கடி பிழை நேரும். பெரும்பாலான பிழைகள் வீணாகப் போகும். புலிக் கொசு மிகுந்த ஊரில் அந்தக் கொசுவுக்கு ஏற்ற பிழை நிலைத்துவிடுகிறது. கேரளத்தில் 2007-இல் பரவிய வைரஸிலும் இதே மாற்றம் தென்பட்டது. ரியூனியனிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதல்ல, தனியாகவே தோன்றியது. அங்குள்ள ரப்பர் தோட்டங்களில் பால் வடிக்கும் சிரட்டைகளில் தேங்கும் மழைநீரே புலிக் கொசுவுக்குப் போதும்.

அதே 2007-இல் கேரளத்திலிருந்து இத்தாலி சென்ற ஒருவர் வழியாக, அந்நாட்டின் வடகிழக்கில் சுமார் 200 பேருக்கு இந்த நோய் பரவியது. பழைய டயர்களில் முட்டையாகக் கப்பலேறிய புலிக் கொசு, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இத்தாலியில் குடியேறியிருந்தது.

அடுத்து எந்த மாற்றம் வரும் என்பதை அறிய, நோயாளிகளின் இரத்தத்தோடு கொசுக்களையும் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும். அதற்கான ஆய்வகங்களுக்கு அரசுகள் தயங்காமல் செலவிட வேண்டும். வீட்டில் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. ஏடிஸ் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தொட்டியையும் டிரம்மையும் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்.