கடலடியில் ஒரு கரும்புகை

செம்புத் தாது எங்கே உருவாகிறது? மலைக்குள், மண்ணுக்கடியில் என்பீர்கள். சில சுரங்கங்களுக்குப் பிறந்த வீடு ஆழ்கடல் என்றால் நம்புவீர்களா?

1979-ஆம் ஆண்டு. மெக்சிகோவை ஒட்டிய பசிபிக் கடலில், ஆல்வின் என்ற குட்டி நீர்மூழ்கியில் விஞ்ஞானிகள் அடியாழம் வரை போனார்கள். கும்மிருட்டு. விளக்கைப் போட்டால், கல் குழாய்களிலிருந்து குபுகுபுவென்று கரும்புகை! சூடு எவ்வளவு என்று பார்க்க வெப்பமானியை நீட்டினார்கள். அதன் பிளாஸ்டிக் பாகமே உருகிப்போனது. பிறகு அளந்தபோது, சுமார் 350 டிகிரி!

உண்மையில் அது புகையே இல்லை. கடல்நீர் பாறை வெடிப்புகளில் இறங்கி, கீழே இருக்கும் பாறைக்குழம்பின் வெக்கையில் கடுஞ்சூட்டை எட்டுகிறது. அந்தச் சூட்டில் பாறையிலுள்ள செம்பு, துத்தநாகம், இரும்பையெல்லாம் கரைத்து எடுத்துக்கொண்டு மேலே பாய்கிறது. வெளியே இருப்பதோ பனி போலக் குளிர்ந்த நீர். அதில் பட்ட மாத்திரத்தில், கரைந்திருந்த உலோகங்கள் கந்தகத்தோடு சேர்ந்து கருந்துகள்களாகப் படிகின்றன. அந்தப் படிவுதான் தாது.

சைப்ரஸ் தீவின் ட்ரூடோஸ் மலைச் செம்பு இப்படிப் பிறந்ததுதான். ஏறக்குறைய ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடல்தரை. பூமித்தட்டுகளின் நெருக்கலில் மலையாக மேலே வந்துவிட்டது. சந்தேகமா? அங்குள்ள தாதுப் பாறையில், வெந்நீர் ஊற்றோரம் வாழ்ந்த கடற்புழுக்களின் குழாய்க்கூடுகள் புதைபடிவமாக இன்னும் இருக்கின்றன!