வீட்டை இடித்தாலும் எரியும் அடுப்பு

காரைக்குடியை அடுத்த அமராவதிபுதூர்ப் பக்கம் ஊருணிப் பாசியைப் பற்றிக் கேட்டால், "படி வழுக்கும், பார்த்து இறங்குங்கள்" என்பார்கள். வழுக்கும் அந்தப் பச்சைக்குள் கோடானுகோடிச் சமையற்கட்டுகள் இருக்கின்றன என்றால் நம்புவீர்களா?

பாசியின் ஒவ்வோர் உயிரணுவும் ஒரு வீடு. உள்ளே இருக்கும் பசுங்கணிகம்தான் அடுப்பு. வெயில் விறகு, தண்ணீரும் கரியமில வாயுவும் அரிசி, பருப்பு. வெந்து இறங்குவது சர்க்கரை. நாம் சுவாசிக்கும் பிராணவாயு அந்தச் சமையலில் மிஞ்சுவது.

வீட்டை இடித்து அடுப்பை மட்டும் வெளியே வைத்தால் எரியுமா? 1937-ல் கேம்பிரிட்ஜில் ராபர்ட் ஹில் இலைகளை அரைத்துக் கணிகங்களைப் பிரித்து, இரும்பு உப்பு சேர்த்து வெளிச்சம் காட்டினார். பிராணவாயு வந்தது, சர்க்கரை வரவில்லை. அடுப்பு எரிந்தது, சோறு வேகவில்லை! 1954-ல் அமெரிக்காவில் டேனியல் ஆர்னன் குழுவினர் ஸ்பினாச் என்ற சீமைக் கீரையின் கணிகங்களைக் கொண்டு முழுச் சமையலையும் நடத்திக் காட்டினார்கள். நம் அம்மியில் அரைக்கிற மாதிரி அரைத்தால் கணிகமும் கூழாகிவிடும். குளிர வைத்து, பதமாக அரைக்க வேண்டும்.

கடலில் ஒரு கைகாரி இருக்கிறாள். எலிஸியா குளோரோட்டிகா என்ற ஓடில்லாத நத்தை; பார்த்தால் பச்சை இலையேதான். பாசி இழையைத் துளைத்து உறிஞ்சி, மற்றதை ஜீரணித்துவிட்டுக் கணிகங்களை மட்டும் உடம்பில் பத்திரப்படுத்திக் கொள்கிறாள். மாதக்கணக்கில் அவை அங்கே வேலை செய்கின்றன. ஆனால் இவளுடைய உறவுக்கார நத்தைகளை இருட்டில் பட்டினி போட்டும் பல வாரங்கள் பிழைத்திருந்தன என்று 2014-ல் ஓர் ஆராய்ச்சி வந்தது. அடுப்பைத் திருடியது சமைக்கவா, பஞ்ச காலத்தில் அடுப்பையே தின்னவா என்ற வழக்கு தீர்ந்தபாடில்லை.

2024-ல் ஜப்பானில் இன்னும் துணிந்தார்கள். சிவப்புப் பாசியின் கணிகங்களை ஹாம்ஸ்டர் என்ற எலியின் உயிரணுக்களுக்குள் புகுத்தினார்கள். இரண்டு நாள் அவை வெளிச்சத்தைப் பிடித்து வேலை செய்தன, பிறகு சிதைந்தன. அடுப்பைப் பழுது பார்க்கும் குறிப்புகளில் பெரும்பகுதி பாசியின் உட்கருவில் அல்லவா இருக்கிறது!

இரண்டு நாள்தானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்க்கும் தசை கனமாகக் கனமாக, உள்ளே உள்ள அணுக்கள் பிராணவாயு எட்டாமல் மடிகின்றன. உள்ளேயே பாசி அடுப்பு இருந்தால் மேலே விளக்கைக் காட்டினால் போதுமே என்பது அவர்கள் போடும் கணக்கு.