வெற்றுக் கூட்டில் மிஞ்சும் ஈயம்

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களில் பலர், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை மைதானத்தில் விட்டுவிட்டு வருவதில்லை. பொறுக்கிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். சுத்தம் செய்து, அடியில் புதுத் தீமூட்டியும் உள்ளே வெடிமருந்தும் குண்டும் வைத்தால் அதே கூடு மறுபடி தோட்டாவாகும். செலவு குறைவு. ஒரே கூடு பல தடவை உழைக்கும். வேலை பெரும்பாலும் நடப்பது வீட்டை ஒட்டிய கார் கொட்டகையில், அல்லது நிலவறையில்.

கூடு ஏறத்தாழ 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். கவனிக்க வேண்டியது அந்த உலோகத்தை அல்ல, அதன் அடியில் பொருத்தியிருக்கும் ப்ரைமரை. துப்பாக்கியின் ஊசி குத்தியதும் தீப்பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணம் அது. பெரும்பாலான ப்ரைமர்களில் இன்றும் இருப்பது ஈய ஸ்டிஃப்னேட் என்ற வெடிபொருள். அதன் எடையில் சுமார் 44 சதவீதம் ஈயம். சுடும்போது இந்த ஈயம் ஆவியாகவும் நுண்துகளாகவும் பிரிகிறது. ஒரு பகுதி குழல் வழியே வெளியேறுகிறது. மிச்சம் கரியோடு சேர்ந்து கூட்டின் உட்சுவரில் படிகிறது.

வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தைத் தேய்க்கப் புளி போதும். ஆனால் தோட்டாக் கூடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும் என்பதால் எந்திரம் வைத்திருக்கிறார்கள். அதிரும் பிளாஸ்டிக் தொட்டியில் மக்காச்சோளச் சக்கைத் துகளையோ வால்நட் ஓட்டுத் தூளையோ நிரப்பி, கூடுகளைப் போட்டு, சில மணி நேரம் ஓட விடுகிறார்கள். தூள் கூட்டுக்குள்ளும் புகுந்து தேய்க்கிறது. உட்சுவரில் படிந்திருந்த ஈயம் பெயர்ந்து தூளோடு கலக்கிறது. புதிதாகக் கொட்டியபோது வெளிர் மஞ்சளாக இருந்த சோளத் துகள் சில தடவைக்குப் பின் சாம்பல் நிறமாகிறது. தூசியைப் பிடிக்க ஒரு துண்டு மெல்லிய விரிப்பைக் கிழித்து உள்ளே போடுவதும் உண்டு. அது கறுத்து வெளிவரும்.

பிறகு சலிக்க வேண்டும். எந்திரத்தின் மூடியைத் திறந்து, எல்லாவற்றையும் சல்லடையில் கொட்டிக் குலுக்குகிறார்கள். தூசி முகம் வரை எழுகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி சீக்கிரம் அடங்கிவிடும். நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய நுண்துகள் கண்ணுக்குத் தெரியாது. அது வெகு நேரம் மிதக்கும். தரையைத் துடைப்பத்தால் பெருக்கினால் மறுபடி எழும்பும். சாதாரண வேக்குவம் கிளீனர் அதை உறிஞ்சி, பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். மிச்சம் சட்டையிலும் செருப்பிலும் ஒட்டி வீட்டுக்குள் போகிறது. அங்கே குழந்தை தவழ்கிறது.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், ஒரு குழந்தையின் இரத்தத்தில் எவ்வளவு ஈயம் இருந்தால் கவனிக்க வேண்டும் என்பதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது. 1991இல் அது டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம். டெசிலிட்டர் என்பது 100 மில்லி. 2012இல் 5 ஆனது. 2021இல் 3.5. ஆய்வு கூடக்கூட எல்லை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இரண்டு வயதுக் குழந்தையின் உடலில் ஓடும் இரத்தம் சுமார் ஒரு லிட்டர். 3.5 என்ற எல்லையைத் தொட அந்த இரத்தத்தில் இருக்க வேண்டிய ஈயம் 35 மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமில் ஏறக்குறைய 30,000இல் ஒரு பங்கு. ஒரு சிறிய ப்ரைமரில் இருக்கும் ஈயமோ சில மில்லிகிராம். சுடும்போது வெளியேறுவது போக மிஞ்சுவது சிறு பகுதிதான். ஆனால் எந்திரத்தில் ஒரே நேரத்தில் சுழல்பவை சில நூறு கூடுகள். விழுங்கிய ஈயத்தில் பெரியவர் உடல் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே ஏற்கிறது. குழந்தையின் உடல் பாதி வரை ஏற்கும்.

இரத்தத்தில் சேர்ந்த ஈயம் பாதியாகக் குறைய ஒரு மாதம் போதும். எலும்பில் சேர்ந்தது பல ஆண்டுகள் தங்கும். பெரியவர் உடலில் உள்ள ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் அது மறுபடி இரத்தத்துக்கு வந்து, நஞ்சுக்கொடி வழியே கருவை அடைகிறது. தொடக்கத்தில் வலி இல்லை. பிறகு வரும் சோர்வு, மூட்டு வலி, எரிச்சல், இரத்த அழுத்தம் ஆகியவற்றை ஐம்பது வயதுக்காரர் வயசுக் கோளாறு என்று தள்ளிவிடுவார்.

தூசிக்குப் பயந்து சிலர் தண்ணீர் முறைக்கு மாறியிருக்கிறார்கள். சோப்புத் தண்ணீர், சிறிது சிட்ரிக் அமிலம், மெல்லிய எவர்சில்வர் ஊசிகள். தூசி எழாது, அது மெய்யான முன்னேற்றம். ஆனால் ஈயம் மறைவதில்லை, கரும்பழுப்புத் தண்ணீருக்குள் போகிறது. அந்தத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் பாத்திரம் கழுவும் இடத்துக்கே ஈயம் வந்து சேரும்.

பளபளப்புக்காக அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷைத் தடவுவது வேறொரு தவறு. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை லாயங்களில் சிறுநீரிலிருந்து கிளம்பிய அம்மோனியாவும், கூட்டை இழுத்து உருவாக்கியபோது உலோகத்தில் தங்கிய இறுக்கமும் சேர்ந்த விளைவு அது. தெளிவான விளக்கம் கிடைத்தது 1921இல். 9 மில்லிமீட்டர் தோட்டா வெடிக்கும்போது கூடு தாங்க வேண்டிய அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 2,000 மடங்குக்கு மேல். கூட்டில் விரிசல் இருந்தால், மருந்து எரிந்து உண்டாகும் வாயு சுடுபவர் பக்கம் திரும்பலாம்.

ஈயத்தோடு வேலை செய்யும் தொழிலாளிக்கு, காற்றில் ஈயம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், முதலாளி இரத்தப் பரிசோதனை செய்து தர வேண்டும் என்பது அமெரிக்காவில் 1978 முதல் விதி. வீட்டுக் கொட்டகைக்கு அந்த விதி பொருந்தாது. மருத்துவர் எழுதித் தரும் வழக்கமான இரத்தப் பரிசோதனையில் ஈய அளவு இருக்காது. தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள்.